முழுக் கதையும் துண்டுக் கதையும்: மலாக்காத் தமிழர் கையில் பைபிள்

ஆதாம் ஏவாள் கதை நமக்குத் தெரியும். நோவாவின் பேழை தெரியும். கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய தாவீதைத் தெரியும். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையும் சிலுவையில் தொங்கிய மனிதரும் தேவாலயத்துப் பக்கமே போகாதவர்களுக்கும் பழக்கமானவர்கள்தாம். ஆனால் நோவாவுக்கும் ஆபிரகாமுக்கும் என்ன தொடர்பு, தாவீதைச் சொல்லாமல் பெத்லகேமைச் சொல்ல முடியாதது ஏன் என்று கேட்டால், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களிலும் பலர் தயங்குவார்கள். மணிகள் எல்லாம் கையில் இருக்கின்றன. கோத்த நூலைத்தான் காணவில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று ஆராய மலாக்கா நல்ல இடம். ஐந்நூறு ஆண்டுகளாகப் பைபிள் கதை இங்கே போர்த்துகீசியம், டச்சு, மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று பல மொழிகளில் வந்து இறங்கியிருக்கிறது. வந்த கதை பெரும்பாலும் துண்டாகவே வந்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து முழுசாகப் படித்தால் தெரிவது ஒன்று உண்டு: பைபிள் ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றிய நூல், அதன் கணிசமான பகுதி அப்படிப் போனவர்கள் எழுதியது. பால்மரக் காட்டில் தலைமுறைகளைக் கழித்த தமிழருக்கு இந்தக் கதையை வாசிக்கத் தனியான ஒரு தகுதி இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனப்பாடமாக வந்த வேதம்

போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே 1511இல் மலாக்காவைப் பிடித்தார். பத்தாண்டில், 1521இல், குன்றின்மேல் மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் எழுந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படியேறிப் போய்ப் பார்க்கும் செயின்ட் பால் குன்றின் இடிந்த கோயில் அதன் வழிவந்ததுதான். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் இந்த ஊருக்கு வந்தார். அதற்கு முன் அவர் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே ஊழியம் செய்தவர்.

அங்கே அவர் கையாண்ட முறை அவருடைய கடிதங்களிலேயே பதிவாகியிருக்கிறது. தமிழறிந்தவர்களைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் ஆகியவற்றைத் தமிழாக்கினார். தாமும் மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று பணித்தார். மலாக்காவிலும் இதே வழிதான். ஜெபங்களை மலாய் மொழிக்கு மாற்றும் வேலையில் இறங்கினார்.

எழுத்தறியாத மக்களுக்கு இதைவிடச் சிறந்த வழி அன்று இருந்திருக்க முடியாது. ஆனால் இந்த முறையில் ஒரு விடுபடல் இருக்கிறது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். வானத்தையும் பூமியையும் படைத்த கடவுளில் தொடங்கும். அடுத்த மூச்சில் கன்னி மரியாளிடம் வந்துவிடும். நடுவில் ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை, தாவீது இல்லை, பாபிலோன் இல்லை. பைபிளின் முக்கால் பங்கு அந்த ஒரே தாவலில் விடுபட்டுப் போகிறது. சவேரியாரும் இதை உணர்ந்திருக்கலாம். 1546இல் தெர்னாத்தே தீவில் இருந்தபோது, படைப்பில் ஆரம்பித்து ஆதாமின் வீழ்ச்சி வழியாகக் கிறிஸ்துவின் வாழ்வைச் சொல்லும் விளக்கம் ஒன்றை எழுதினார். ஆனால் மக்கள் நாவில் நின்றது பிரமாணமும் ஜெபமும்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’, இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல், அதுவும் ஒரு மறைக்கல்விச் சுருக்கமே.

கத்தோலிக்க மரபில் கதை கண்ணுக்கும் வந்தது. 1710இல் எழுந்த மலாக்கா செயின்ட் பீட்டர் ஆலயத்தில் பெரிய வெள்ளி இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறந்த இயேசுவின் உருவம் பவனியாகச் செல்லும். போர்த்துகீசிய வழிவந்த மலாக்கா மீனவக் குடும்பங்களோடு தமிழரும் சீனரும் நிற்பார்கள். கதையின் உச்சக்கட்டம் அது. அந்த இடத்துக்குக் கதை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பவனி சொல்லாது.

அச்சாகி வந்த வேதம்

1641இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். மலாய் மொழியில் பைபிளைப் பெயர்ப்பதில் ஊக்கம் காட்டியவர்கள். 1753இல் அவர்கள் கட்டி முடித்த கிறைஸ்ட் சர்ச்தான் இன்று மலாக்காவின் அடையாளமாகச் சிவப்பு நிறத்தில் நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் 1815இல் இலண்டன் மிஷன் ஊழியர் வில்லியம் மில்ன் இங்கே வந்து அச்சுக்கூடம் வைத்தார். ராபர்ட் மோரிசனும் அவரும் பெயர்த்த முழுச் சீனப் பைபிள் 1823இல் மலாக்காவில் அச்சேறியது. அதைப் பார்க்க மில்ன் இல்லை; முந்தின ஆண்டே இறந்துவிட்டார்.

இந்த மிஷன் வட்டாரத்தில் நம்மவர் தொடர்பும் உண்டு. மில்னுக்கு மலாய் கற்றுக்கொடுத்தவர் முன்ஷி அப்துல்லா. நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்த அரபு முன்னோரின் வழியில் மலாக்காவில் பிறந்தவர். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அன்றைய வழக்கம், வணிகத்துக்கும் கணக்குக்கும் அது வேண்டியிருந்தது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தாமும் அப்படிப் படித்தவர். கடைசிவரை முஸ்லிமாக இருந்த இவர்தான் சுவிசேஷங்களின் மலாய் மொழிபெயர்ப்பில் மிஷனரிகளுக்குத் துணை நின்றார்.

அதே அச்சுக்கூடத்தில் வேலை செய்த லியாங் பா என்ற சீனத் தொழிலாளி 1816இல் மலாக்காவில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் 1832இல் சீனாவில், பைபிள் பகுதிகளையும் தம் பிரசங்கங்களையும் சேர்த்து ஒரு நூலாக வெளியிட்டார். அந்த நூல் ஹோங் சியூசுவான் என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. அரசுத் தேர்வுகளில் பலமுறை தோற்றவர் அவர். தாம் கண்ட காட்சிகளையும் அந்நூலின் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்து, தாம் இயேசுவின் தம்பி என்று முடிவு கட்டினார். 1850 முதல் 1864 வரை சீனாவை உலுக்கிய தைப்பிங் கிளர்ச்சியில் கோடிக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். அதற்குச் சீனத்தின் பஞ்சமும் ஊழலும் இனப் பகையும் காரணங்கள். ஒரு நூலின்மேல் எல்லாப் பழியையும் போடக்கூடாது. ஆனாலும், முன்பின் தெரியாமல் கையில் கிடைத்த வேத வசனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தோட்டத்துக்கு வந்த தமிழ் வேதம்

தமிழில் பைபிள் பணி தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715க்குள் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து 1719இல் இறந்தார். மீதியை ஷுல்ட்ஸ் 1728இல் நிறைவு செய்தார். பெப்ரிசியுஸ், ரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்ட பெர்சிவல், போவர் என்று ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திருத்திக்கொண்டே வந்தது.

அந்த வேதத்தைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தவர்களை இங்கே அழைத்தது ரப்பர். மலாக்காவில் 1896இல் டான் சே யான் என்ற வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நடப்பட்ட முதல் தோட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் காடுகள் பால்மரத் தோப்புகளாயின. ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தபின், தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களையும் தெரிந்தவர்களையும் கூட்டிவரும் கங்காணி முறை ஓங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களோடு கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிகளாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்த கிறிஸ்தவர்கள் தனி. 2010 மக்கள்தொகைக் கணக்கில் மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் சுமார் 6 விழுக்காடு.

தோட்டத்துக் கிறிஸ்தவருக்குப் பைபிள் வாரம் ஒருமுறை உபதேசியார் வாயிலாக, ஒரு பாட்டாக, ஒரு பிரசங்கமாக வந்தது. கத்தோலிக்கருக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை பூசை இலத்தீனில் நடந்தது; 1960களின் பிற்பகுதியில்தான் பலிபீடத்திலிருந்து தமிழ் வாசகங்கள் ஒலிக்கத் தொடங்கின. வசனம் வந்தது, வரிசை வரவில்லை.

கதையின் நூல்

சீர்திருத்தச் சபைகளின் பைபிளில் 66 நூல்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73. எந்தக் கணக்கில் பார்த்தாலும் கதையின் ஓட்டம் ஒன்றுதான்.

கடவுள் நல்லதாக உலகைப் படைக்கிறார். மனிதர் அவரை நம்ப மறுத்துத் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படுகிறார்கள். காயீன் தம்பியைக் கொன்று நாடோடியாகிறான். மனிதகுலம் முழுதும் வீடிழந்த நிலையில், ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு முதியவரை அழைக்கிறார்: உன் தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு; உன்னால் பூமியின் வம்சங்கள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படும். ஆபிரகாமுக்குத் தரப்பட்ட இந்த வாக்குதான் மணிகளைக் கோக்கும் நூல். இதன் பின் வரும் எல்லாமே, அந்த வாக்கு எப்படி நிறைவேறப்போகிறது என்ற கேள்விக்கு விடை தேடுகிறது.

அவருடைய கொள்ளுப்பேரன் யோசேப்பு விலைக்கு விற்கப்பட்டு எகிப்துக்குப் போகிறான். பஞ்சம் துரத்த, குடும்பம் முழுதும் பின்னால் போகிறது. விருந்தாளியாய்ப் போனவர்களின் சந்ததியாரான இஸ்ரவேலர் செங்கல் அறுக்கும் அடிமைகளாகிறார்கள்.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். மக்களை விடச்சொல்லி மோசே கேட்டதும் பார்வோன் சினந்து ஒரு கட்டளை போடுகிறான். செங்கலுக்கான வைக்கோலை இனி அரண்மனை தராது; தாங்களே பொறுக்கிக்கொள்ளட்டும். ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது. எகிப்திய மேலாளர்களுக்குக் கீழே இஸ்ரவேலரிலிருந்தே மேஸ்திரிகள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். கணக்குக் குறைந்தபோது அடி விழுந்தது இந்த மேஸ்திரிகள்மேல். அவர்கள் பார்வோனிடம் ஓடி முறையிடுகிறார்கள். ‘நீங்கள் சோம்பேறிகள்’ என்கிறான் அவன். வெளியே வந்தவர்கள் ஆத்திரத்தைப் பார்வோன்மேல் காட்டவில்லை; மோசேயிடம் காட்டுகிறார்கள்: உன்னால்தான் எங்கள் பெயர் கெட்டது.

விடிவதற்கு முன் பெரட்டு எனும் ஆளெடுப்புக்கு நின்று, வெயிலேறுமுன் பால் வெட்டி, நிறுவையில் குறைந்தால் ஏச்சு வாங்கிய தலைமுறைக்கு இந்த அதிகாரத்தில் விளக்கவுரை எதுவும் தேவையில்லை. துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே நின்ற கங்காணியும் மண்டோரும் அந்த மேஸ்திரிகளின் இடத்தில் நின்றவர்கள்தாம். ஆட்கள் வேலைக்கு வருவதைப் பொறுத்துக் கங்காணிக்குப் பணம். வராவிட்டால் அவருக்குத்தான் கேள்வி. சொந்த சனத்தையே விரட்ட வேண்டிய நெருக்கடி அவருடையது. உரிமை கேட்ட தலைவனை மக்களே வெறுப்பது, அடிமைத்தனம் எப்படி உள்ளிருந்தே காக்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரமாய் மாண்டதையும் சேர்த்துப் பார்த்தால், யாத்திராகமம் நமக்குத் தொலைவான கதையல்ல.

விடுதலை கிடைக்கிறது. சீனாய் மலையில் சட்டம் கிடைக்கிறது. அந்தச் சட்டம் அடிக்கடி சொல்லும் காரணம் ஒன்று: அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தவன். அறுவடையில் சிந்திய கதிர் ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் மோவாபியப் பெண் ரூத், கணவனை இழந்தபின் மாமியாருடன் பெத்லகேமுக்கு வந்து வயலில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். அவளுடைய கொள்ளுப்பேரன்தான் தாவீது. இஸ்ரவேலின் பெரிய அரசனுடைய இரத்தத்திலேயே வந்தேறி ஒருத்தி இருக்கிறாள். அவனுக்குக் கடவுள் இன்னொரு வாக்குத் தருகிறார்: உன் அரியணை என்றென்றும் நிற்கும்.

அரியணை நிற்கவில்லை. ராஜ்யம் இரண்டாகிறது. வடக்கு கி.மு. 722இல் அசீரியரிடம் விழுகிறது. தெற்கில் எருசலேம் கி.மு. 586இல் எரிகிறது, மக்கள் பாபிலோனுக்கு நடத்திச் செல்லப்படுகிறார்கள்.

சிறையிருப்புக்கு ஒரு கடிதம்

பாபிலோனுக்கு முதலில் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அவர் நூலின் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று சிலர் நம்பிக்கை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியா அதை மறுக்கிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், இருக்கிற நகரத்தின் நன்மையைத் தேடுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் என்கிறார்.

மலாயாத் தமிழர் பலருக்கு நெடுங்காலம் மனம் ஊரில், உடல் தோட்டத்தில். 1938இல் இந்திய அரசு கூலி ஆட்கள் இங்கு வருவதைத் தடுத்தபின்னும், சேர்த்த காசோடு திரும்புவோம் என்ற நினைப்பு போகவில்லை. 1957இல் நாடு விடுதலை அடைந்தது. 1969இல் வேலை உரிமம் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேற வேண்டியதாயிற்று. இருந்தவர்கள் இருந்த இடத்தில் வேர் ஊன்றினார்கள். எரேமியாவின் கடிதத்தை அப்போது எத்தனை பிரசங்க பீடங்கள் எடுத்துப் பேசியிருந்தாலும் தகும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. யூதர்களின் எபிரேய வேதத்தில் இதே நூல்கள் வேறு வரிசையில் இருக்கின்றன. அது, பாரசீக மன்னன் கோரேசு மக்களை எருசலேமுக்குத் திரும்பச் சொல்லும் ஆணையோடு முடிகிறது. கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு மல்கியாவில், வரப்போகிற ஒருவருக்கான எதிர்பார்ப்பில் முடிகிறது. அதே நூல்கள்தாம், கதை பார்க்கும் திசை வேறு. இக்கட்டுரை சொல்வது கிறிஸ்தவர்கள் கதையைக் கோக்கும் விதம்.

வீடு தேடி வந்தவர்

மத்தேயு சுவிசேஷம் ஒரு நீண்ட பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. படிப்பவர்கள் தாண்டிப் போகும் பக்கம் அது. ஆனால் முழுக் கதையும் அங்கே சுருக்கமாக இருக்கிறது: ஆபிரகாம், தாவீது, பாபிலோன், இயேசு. ரூத்தின் பெயரும் அதில் இருக்கிறது. இரண்டு வாக்குகளும் இந்தப் பிள்ளையில் நிறைவேறுகின்றன என்பதே மத்தேயுவின் வாதம். பிறந்த கையோடு அந்தப் பிள்ளை ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு அகதியாகிறது.

கிறிஸ்தவர் சொல்லும் நற்செய்தியின் மையம் இதுதான்: வீட்டை விட்டு வெளியேறிய மனிதரைத் தேடி, கடவுளே தம் இடத்தை விட்டு வந்தார். ஊருக்கு வெளியே சிலுவையில் மாண்டார். மூன்றாம் நாள் எழுந்தார். புறம்பானவர்களோடு அவர் பந்தியமர்ந்தது, சமாரியனைக் கதாநாயகனாக்கியது, சிலுவையில் மன்னித்தது எல்லாமே ஆபிரகாமுக்குத் தந்த வாக்கு யூதர் அல்லாதவருக்கும் திறந்ததன் அடையாளங்கள். ஆகவே பெரிய வெள்ளிப் பவனியில் போகும் உருவத்துக்குப் பின்னால் ஆபிரகாமிலிருந்து தொடங்கும் நெடிய ஊர்வலம் ஒன்று இருக்கிறது. அது தெரியாதவருக்குச் சிலுவை ஒரு நல்லவரின் துயர முடிவாக மட்டுமே படும்.

அப்போஸ்தலர் நடபடிகளிலும் ஊர்ப்பயணமே. பவுல் கடல்கடந்து எழுதிய கடிதங்கள், சிதறியிருக்கும் பரதேசிகளுக்கு என்று தொடங்கும் பேதுருவின் கடிதம் எல்லாம் ஆங்காங்கே சிதறிக் கிடந்த சிறுகூட்டங்களுக்கானவை. வெளிப்படுத்தின விசேஷம் முடிக்கும் விதத்தையும் நம்மில் பலர் தவறாகவே நினைத்திருக்கிறோம். ஆத்துமாக்கள் உலகை விட்டு மேலே பறந்துபோவதோடு பைபிள் முடியவில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது. கடவுள் மனிதரோடு குடியிருக்க வருகிறார். சகல தேசத்தாரும் அதன் வாசல்களில் நுழைகிறார்கள்.

ஒப்புமைக்கு ஓர் எல்லை

தோட்டத் தமிழர் வரலாற்றைப் பைபிளின்மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது. இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட நாடு இருந்தது. யோசுவா நூலில் அவர்கள் படையெடுத்தவர்கள். தோட்டத் தமிழர் யார் மண்ணையும் பிடிக்கவில்லை. மலாக்காவுக்கு இந்தக் கதை பீரங்கியோடும் வந்தது என்பதை மறைக்கக்கூடாது. செங்கல் கணக்குக் கேட்ட பார்வோனின் பக்கத்தில் நின்ற கிறிஸ்தவத் துரைகளும் இருந்தார்கள். மேலும், யாத்திராகமத்தைக் கூலிப் போராட்டமாக மட்டும் படிப்பவர் சீனாயையும் சிலுவையையும் இழப்பார். ஆத்தும இரட்சிப்பாக மட்டும் படிப்பவர் வைக்கோலையும் அடியையும் இழப்பார். முழுக் கதையில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. மக்கள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் பைபிளைக் கைப்பேசியில், ஒருநாளைக்கு ஒரு வசனமாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பெறுகிறார்கள். சவேரியாரின் காலத்தில் எழுத்தறியாமை கதையைத் துண்டாக்கியது. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

சபைகளும் ஞாயிறு பள்ளிகளும் ஆண்டில் ஒருமுறையாவது கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொல்ல வேண்டும். தனியாகப் படிக்க விரும்புகிறவர் இந்த வரிசையில் தொடங்கலாம்: ஆதியாகமம் 1 முதல் 12 வரை, யாத்திராகமம் 1 முதல் 20 வரை, ரூத், இரண்டாம் சாமுவேல் 7, எரேமியா 29, ஏசாயா 53, லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்கள். மொத்தம் 93 அதிகாரங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். கிறிஸ்தவர் அல்லாத வாசகருக்கும் இது பொருந்தும்: நம்பச் சொல்லவில்லை, முதலில் முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.